நுரை சொன்ன பொய்

முன்னறையிலிருந்து விசும்பல் சத்தம் கேட்டது.

போர்வைக்குள் கிடந்த லிங்கராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார். அழுவது சண்முகத்தாய் இல்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு மனைவியின் அழுகை தெரியாதா? அவள் அழுதால் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும். இது வேறு. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தும் அடங்காமல், மூக்கு வழியாக வெளியே வந்துவிட்ட அழுகை.

பெனிஷா மேடம்தான்.

"அழாத தாயி. இந்தா, தண்ணி குடி மொதல்ல," என்றாள் சண்முகத்தாய்.

"ஒண்ணுமில்ல மதினி. அண்ணாச்சியப் பாத்துட்டு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். செவ்வாக்கெழம, ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்குற கமிட்டி வருது. என்னோட டிசைன் தோத்துப் போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு, பழைய வேலைக்கே ஜெர்மனிக்குப் போயிரலாம்னு இருக்கேன்."

போர்வைக்குள் லிங்கராஜுக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்று வாரமாக அவருக்குக் காய்ச்சல். அப்படித்தான் ஊருக்குச் சொல்லியிருந்தார். தெர்மாமீட்டர் மட்டும் ஒருநாள்கூட அதை ஒத்துக்கொள்ளவில்லை.

லிங்கராஜைத் தெரியாதவர்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் குறைவு. கண்டெய்னர் யார்டில் இருபத்தேழு வருஷமாக ரீஃபர் மெக்கானிக். ரீஃபர் என்றால் குளிர்பெட்டிக் கண்டெய்னர். இறாலும் கணவாயும் நண்டும் கல்லாக உறைந்து கப்பலேறுவது அதில்தான். பெட்டியில் குளிர் நிற்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேஸ் கசிவை. அதைக் கண்டுபிடிப்பதில் லிங்கராஜை மிஞ்ச ஆள் கிடையாது. குழாயில் நைட்ரஜனை அடித்து அழுத்தம் ஏற்றுவார். அழுத்தம் காட்டும் கேஜை நம்பி உட்கார மாட்டார். இடுப்பில் செருகியிருக்கும் பாட்டிலை எடுத்து, மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் பீய்ச்சுவார். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே நுரை கொப்புளித்துக்கொண்டு கிளம்பும். "கேஜ் பொய் சொல்லும்லே. நுரை பொய் சொல்லாது" என்பார். சோப்போடு கிளிசரினும் கலந்த அந்தத் தண்ணீரின் பக்குவம் அவருக்கு மட்டுமே தெரியும். சாப்பிடும்போதுகூட அந்தப் பாட்டில் அவர் இடுப்பை விட்டு இறங்காது. "கட்டுன பொண்டாட்டி நானா, அதுவா?" என்று சண்முகத்தாய் கேட்காத நாளில்லை.

அப்படிப்பட்டவரைத் தேடித்தான் போன தை மாதம் பெனிஷா யார்டுக்கு வந்தாள். ஒல்லியான உடம்பு, கழுத்தில் சின்னச் சிலுவை, முப்பத்தைந்து வயதிருக்கும். தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக் குளித்த குடும்பத்துப் பெண். சீமையில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, இனி செய்வதைச் சொந்த ஊரில் செய்கிறேன் என்று திரும்பி வந்து, ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூடம் போட்டிருந்தாள்.

"வேக்குவம் பம்ப் தெரிஞ்ச ஆள் வேணும் அண்ணாச்சி. எல்லாரும் ஒங்களத்தான் கை காட்டுதாவ."

"எதுக்கும்மா வேக்குவம்? ஐஸ் பேக்டரி போடுதியளா?"

"கிட்டத்தட்ட. நானும் கூலிங் மெக்கானிக்தான்."

லிங்கராஜ் சிரித்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீர் பிடிக்கும் குத்துப்போணி அளவு ஒரு எஃகுப் பெட்டி. சுற்றிலும் கண்ணாடிச் சன்னல்கள். அதற்குள்ளே ருபீடியம் என்ற உலோகத்தின் அணுக்களை லேசர் ஒளி அடித்தே குளிர வைப்பாளாம். மைனஸ் பதினெட்டு அல்ல, இருபது அல்ல. இதற்குமேல் குளிர் என்பதே உலகத்தில் இல்லை என்கிற எல்லைக்குப் பக்கத்தில்.

"லைட் அடிச்சா சூடுதானம்மா ஆவும்?"

"எதுக்க ஓடியாற அணுவோட நெஞ்சுல கை வச்சுத் தள்ளுற மாதிரி அடிக்கணும் அண்ணாச்சி. ஆறு பக்கமும் தள்ளுனா, ஓட முடியாம நின்னு போவும். ஓட்டம் நின்னா அதுதான் குளிர்."

"கம்ப்ரசர் இல்லாமலயா!" என்று லிங்கராஜ் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே அவர் மனசு அந்தப் பெண்ணிடம் போய்விட்டது. யார்டு முடிந்த நேரமெல்லாம் ஆய்வுக்கூடம். அவள் மதியம் பிஸ்கெட் தின்று ஒப்பேற்றுகிறாள் என்று தெரிந்ததும் சண்முகத்தாய் தூக்குச்சட்டியில் சோறு கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். பார்த்திராத பிள்ளைக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வாரம் இரண்டு தடவை.

ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே பெனிஷா சொன்னாள், அந்த அணுக்களை வைத்து என்ன செய்யப் போகிறாள் என்று.

"புது மாதிரிக் கம்ப்யூட்டர் ஒண்ணு வருது அண்ணாச்சி. அதுக்கு அடிச்செங்கல் மாதிரி ஒரு சாமான், க்யூபிட்னு பேரு. ஒத்த அணுவ மட்டும் பிடிச்சு வச்சும் அதச் செய்யலாம், செய்யுதாங்க. ஆனா அது ஓடிருச்சுன்னா தொட்டில் காலி. நான் கூட்டமா வைக்கேன். முந்நூறு, நானூறு. அம்புட்டும் ஒரு மயிரிழைத் தடிமனுக்குள்ள அடங்கும்."

"கூட்டமா வச்சா கொழம்பாதா?"

"அதுலதான் சூச்சுமம். நான் அடிக்கிற லேசருக்கு அதுல ஒண்ணு மட்டுந்தான் எந்திரிக்க முடியும். எந்திரிச்சது ஊதிப் பெருசாகி, பக்கத்துல ஒருத்தரையும் எந்திரிக்க விடாது. அப்போ கூட்டத்துக்கு ரெண்டே நெலமதான். யாரும் எந்திரிக்கல, இல்லன்னா ஒண்ணு எந்திரிச்சிருக்கு. ரெண்டும் கலந்தும் இருக்கும். நானூறும் சேந்து ஒரே ஒரு க்யூபிட். நடுவுல நாலு அணு ஓடிப் போனாக்கூட மிச்சம் தாங்கிக்கிடும்."

"எந்திரிச்சது எதுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்க?"

"எதுன்னு கேக்குறதே தப்பு அண்ணாச்சி. எல்லாத்துக்குள்ளயும் பங்கா இருக்கு. கிட்டப் போய் எதுன்னு பாத்தா, பங்கு கலைஞ்சு, அம்புட்டும் ஏதோ ஒரு அணு தலையில விழுந்துரும்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றும் முன்பே சண்முகத்தாயிடம் அத்தனையும் ஒப்பித்தார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "இதுல என்ன அதிசயம்? கோயில்ல நாங்க நாப்பது பேரு குலவ போடுதோம். நடுவுல ஒருத்தி மூச்சு வாங்குவா, ஒருத்தி எச்சி முழுங்குவா. குலவ நின்னா போவுது? யாரு வாயிலருந்து வருதுன்னு எவனாவது சொல்ல முடியுமா?" என்றாள்.

லிங்கராஜ் மறுநாளே இதைக் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தார். பெனிஷா வாய்விட்டுச் சிரித்தாள். "மதினி சொன்னது பாதி சரி. குலவைல கிட்ட வந்து காது வச்சா யாருன்னு தெரிஞ்சிரும். இதுல தெரிஞ்சுக்கிட்டா குலவையே நின்னு போவும்." சொல்லிவிட்டு, தன் நோட்டுப்புத்தகத்தில் 'குலவை, சண்முகத்தாய்' என்று எழுதியும் வைத்துக்கொண்டாள். அதைக் கேட்டு சண்முகத்தாய் நாலு நாள் தெருவில் நடந்த நடை இருக்கிறதே!

இப்படிப் பூவும் நாருமாகப் போய்க்கொண்டிருந்த உறவில்தான் விதி வந்து விழுந்தது.

பெட்டிக்குள் காற்று என்பதே இருக்கக்கூடாது. மிச்சமிருக்கும் காற்றுத் துகள்கள் குளிர்ந்த அணுக்களை முட்டித் தள்ளிவிடும். பங்குனியில் பம்ப் பத்து நாள் ஓடியும் கேஜ் இறங்கவில்லை. எங்கோ கசிவு. பெனிஷா ஃபோன் பேச வெளியே போயிருந்தாள். லிங்கராஜ் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு சன்னலாக இறுக்கிக்கொண்டே வந்தார். மேற்குப் பக்கத்துச் சன்னலில், கீழிருந்து மூன்றாவது போல்ட் கொஞ்சம் இடம் கொடுத்தது. கால் சுற்று இறுக்கினார். இறுக்கியதும் இருபத்தேழு வருஷப் பழக்கத்தில் கை தானாக இடுப்புக்குப் போனது. பாட்டிலை எடுத்தார். அந்த மூட்டில் இரண்டு பீய்ச்சு.

நுரை வரவில்லை. ஒரு கொப்புளம்கூட இல்லை. அதோடு, கண்ணுக்கு முன்னால் கேஜ் சரசரவென்று இறங்கியது!

துணியால் துடைத்துவிட்டு, "மேடம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பெனிஷா ஓடிவந்தாள். கேஜைப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். ஆய்வுக்கூட நோட்டில் தேதி போட்டு, 'கசிவைக் கண்டுபிடித்து அடைத்தவர் திரு. லிங்கராஜ்' என்று எழுதினாள். அடுத்த வாரமே கேமராத் திரையில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. அணுக்களின் முதல் மேகம். அன்று இரண்டு பேரும் அழுதார்கள். சோப்புத் தண்ணீர் அடித்ததைச் சொல்ல லிங்கராஜுக்குத் தோன்றவே இல்லை. சாப்பிட்டபின் கை கழுவினேன் என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் மேகம் நிற்கவில்லை. பத்து விநாடி நிற்க வேண்டியது கண் சிமிட்டுவதற்குள் கலைந்தது. கேஜ் ஒருநாள் ஏறியது, ஒருநாள் இறங்கியது. பெனிஷா பெட்டிக்குள் தானே வடிவமைத்து வைத்திருந்த கம்பிச்சுருள் தாங்கியைச் சந்தேகப்பட்டாள். அதுதான் வாயுவைக் கக்குகிறது, என் டிசைன்தான் தப்பு என்று தன்னையே தின்ன ஆரம்பித்தாள். கசிவைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அதைத்தான் லிங்கராஜ் அண்ணாச்சி அடைத்துவிட்டாரே!

மூன்று வாரத்துக்கு முன்பு, டீ குடிக்கும்போது, மனசு இலேசாகட்டும் என்று அவள் ஒரு பழைய கதை சொன்னாள். சீமையில் அவள் வேலை பார்த்த இடத்தில் ஒருவன் வேக்குவம் பெட்டியின் மேல் ஏதோ திரவத்தைச் சிந்திவிட்டானாம். "ஒங்க பெட்டியில காத்து உள்ளருந்து வெளிய போவும் அண்ணாச்சி. எங்க பெட்டியில வெளியருந்து உள்ள போவும். சிந்துனத அப்பிடியே உறிஞ்சிருச்சு. ஓட்டைய அது தற்காலிகமா அடைச்சுக்கிட்டதால கேஜ் எறங்கிருச்சு. அந்த முட்டாப்பய தான் சரிபண்ணிட்டேன்னு குதிச்சிருக்கான். அப்புறம் ஆறு மாசம் எல்லாரும் செத்தோம்."

லிங்கராஜின் கையில் டீ ஆறிப்போனது. உள்ளே உறிஞ்சும் ஓட்டையில் நுரை எப்படி வரும்? ஒரு பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! வாய் வரைக்கும் வார்த்தை வந்தது. அந்த நோட்டும், அதில் இருந்த தன் பெயரும் கண்ணில் பட்டன. வார்த்தை திரும்பி உள்ளே போய்விட்டது. மறுநாள் காய்ச்சல் வந்தது.

அந்தக் காய்ச்சல்காரரைத்தான் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருக்கிறாள், அவர் பாழாக்கிய பெண்.

"அவுகளுக்கு ஒண்ணும் ஆவல தாயி," முன்னறையில் சண்முகத்தாய் சொன்னாள். "காய்ச்சல்னுதான் பேரு. காலைல எட்டு இட்லி. ஒன் மேல என்ன கோவமோ, சொல்லவும் மாட்டேங்காவ."

"கோவமா? என் மேலயா?" பெனிஷாவின் குரல் மறுபடி உடைந்தது. "எனக்காக லீவு நாளெல்லாம் வந்து ஒழைச்சாவ மதினி. நான்தான் அம்புட்டையும் வீணாக்கிட்டேன்."

அதற்குமேல் லிங்கராஜால் படுத்திருக்க முடியவில்லை. போர்வையை உதறி எழுந்தார். இரண்டு எட்டு வைத்தால் முன்னறை. அந்த இரண்டு எட்டும் அவருக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரையாக இருந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும். செவ்வாய்க்கிழமை அவள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. நோட்டில் அவர் பெயர் அப்படியே இருக்கும்.

"அண்ணாச்சி! எதுக்கு எந்திரிச்சு வாரிய?" என்று பெனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காரும்மா." அவர் மட்டும் நின்றார். "ஒன் டிசைன்ல ஒரு தப்பும் இல்ல. எழுதிக் குடுத்துராத. ஒன் பெட்டியில சோப்புத் தண்ணி அடிச்சது நான்."

பெனிஷா தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னிய?"

"பங்குனில. கேஜ் எறங்குச்சே, அன்னைக்கு. போல்ட்ட இறுக்கிட்டு, பழக்கதோசத்துல ரெண்டு பீச்சு பீச்சிட்டேன். நான் இறுக்குனதுலதான் சரியாச்சுன்னு நெனச்சேன். சத்தியமா தெரியாது தாயி. நீ அந்த வெள்ளக்காரன் கத சொன்னியே, அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அவனக் கேவலமாச் சொன்ன. நான்தான் அவன்."

சண்முகத்தாய் வாயில் கை வைத்தாள். பெனிஷா அவரையே பார்த்தாள். அழுகை இல்லை, கோபமும் இல்லை. டாக்டர் நோயாளியைக் கேட்பது போலக் கேட்டாள்.

"எந்தச் சன்னல்?"

"மேக்க பாத்தது."

"எந்த போல்ட்?"

"கீழருந்து மூணாவது."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இந்த மூணு வாரமா எனக்கு வேற எதுதாம்மா ஞாபகம் இருந்துச்சு?"

பெனிஷா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஏதோ கணக்குப் பார்க்கிறாள். கேஜ் ஏறிய நாள், இறங்கிய நாள், மேகம் கலைந்த வேகம். கண்ணைத் திறந்தபோது முகமே வேறாக இருந்தது.

"மாதாவே! காய்ஞ்சா கசியுது, ஈரப்பட்டா அடைக்குது. அதான் மழை பேஞ்ச அன்னைக்கெல்லாம் கேஜ் நல்லா காட்டியிருக்கு! அப்போ என் தாங்கி சரியாத்தான் இருக்கு. மதினி, என் டிசைன் சரியாத்தான் இருக்கு!"

சண்முகத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். பெனிஷா அவள் தோளில் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பிறகு செல்ஃபோனை எடுத்து, கமிட்டிக்காக எழுதி வைத்திருந்த கடிதத்தை இருவருக்கும் காட்டி, ஒரு விரல் தட்டில் அழித்தாள்.

லிங்கராஜின் முகத்தில் உயிர் வந்தது. அப்போதுதான் அவள் அவர் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போயிருந்தது.

"மூணு வாரம் அண்ணாச்சி."

அவர் தலை குனிந்தார்.

"சோப்பு அடிச்சிய, அது தெரியாமச் செஞ்சது. அத நான் மறந்துருவேன். ஆனா தெரிஞ்சபொறவும் மூணு வாரம் சொல்லாம இருந்தியளே. நான் சாப்பிடல. தூங்கல. எங்க அப்பாகிட்ட, ஊருக்கு வந்ததே தப்புப்பான்னு சொல்லிட்டேன். அவுக முகம் செத்துப்போச்சு."

"பிள்ளய இப்பிடித் தவிக்க விட்டுட்டுப் போர்வைக்குள்ள கெடந்தியளோ?" சண்முகத்தாய் இடையில் புகுந்தாள். "மானம் போயிருமோ? என்ன பெரிய மானம்? இந்தத் தெருவுல ஒங்க மானத்துக்கு என்ன வெல?"

"ஏளா, சும்மா இரு."

"இருக்க மாட்டேன். எட்டு இட்லி!"

பெனிஷாவுக்கு உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டாள். லிங்கராஜ் கைகளைக் கூப்பாமல், ஆனால் கூப்பியவர் குரலில் சொன்னார்: "அந்த நோட்டுல என் பேர அடிச்சிருங்கம்மா."

"அடிக்க மாட்டேன். லேப் நோட்டுல எதையும் அடிக்கக் கூடாது. அதுக்குக் கீழ இன்னைக்குத் தேதி போட்டு நடந்தத எழுதுவேன். சோப்பு அடிச்சது யாரு, என்னைக்குச் சொன்னாரு, எல்லாம். கமிட்டியும் படிக்கும். ரெண்டும் இருக்கும்."

"இருக்கட்டும்," என்றார் லிங்கராஜ். "என்னைக்குச் சொன்னேன்ங்கிறதையும் எழுதுங்க. அதுதான் நெசம்."

அவள் எழுந்தாள். இனி நடக்க வேண்டியதை நின்றபடியே சொன்னாள். பெட்டியைத் திறக்க வேண்டும். அந்தச் சன்னலைக் கழற்றி, புதுச் செப்பு வளையம் போட வேண்டும். சோப்புப் போகக் கழுவி, பத்துப் பன்னிரண்டு நாள் பெட்டியைச் சூடேற்றியே வைத்திருக்க வேண்டும். ஒரு நேரம் சூடு கூடினாலும் கண்ணாடி தெறித்துவிடும். பக்கத்திலேயே ஆள் வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் எதுவும் முடியாது. கமிட்டியிடம் இரண்டு மாதம் தவணை கேட்கப் போகிறாள். கொடுப்பார்களா என்று தெரியாது.

"பக்கத்துல நான் இருக்கேன். யார்டுல லீவு போட்டுட்டு வாரேன்," என்றார் லிங்கராஜ்.

பெனிஷா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். சண்முகத்தாய் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு பெனிஷா திரும்பினாள்.

"கோவம் இன்னும் போவல அண்ணாச்சி. போறதுக்கு நாளாவும்."

"ஆவட்டும்மா."

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்துருங்க. அந்த போல்ட்ட நீங்கதான் கழத்தணும். எனக்குக் கை நடுங்கும்."

லிங்கராஜ் தலையை ஆட்டினார்.

"போயிட்டு வாரேன் மதினி," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். ஸ்கூட்டர் கிளம்பி, திருநெல்வேலி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே கிழக்கே திரும்பும்வரை லிங்கராஜ் வாசலிலேயே நின்றார். ரோட்டுப் புழுதி உள்ளே வருகிறது என்று சண்முகத்தாய் அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.